கல்யாண மண்டபத்துல முகம் வரையப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

ஆவணி முகூர்த்தம் தொடங்கிட்டா போதும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு மூலையில ஸ்டூலைப் போட்டு யாராவது ஒரு பிள்ளை கேரிகேச்சர் வரைஞ்சுகிட்டு இருக்கு. கையில திறமை இருக்கிற பிள்ளைங்கதான். ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாரு. மார்க்கர் காஞ்சு போயிருக்கும், தாள் சுருண்டிருக்கும், வரிசையில நிக்கிற மைனி ஏசிகிட்டு இருப்பா, பிள்ளை அழாத குறையா உட்கார்ந்திருக்கும்.

என்னத்துக்கு இந்தப் பாடு? வேகமா வரையத் தெரியலன்னு நீயே உன்னைத் திட்டிக்கிடாத. அஞ்சு நிமிஷத்துல ஒரு முகத்தை முடிக்கணும்னா, அந்த அஞ்சு நிமிஷத்துல யோசிக்க வேண்டிய வேலையே மிச்சம் இருக்கக் கூடாது. முக்காவாசி முடிவை வீட்டுலயே எடுத்துட்டுப் போகணும் மக்ளே. எந்தத் தாள், எந்த மை, எங்க உட்காரணும், எதைத் தொடக் கூடாது, எல்லாம். உனக்கு நேரம் இல்லன்னு தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வாறேன்.

1. ஒத்துக்கிடுறதுக்கு முன்னாடி கணக்கைப் போடு

ஒரு முகத்துக்கு அஞ்சு நிமிஷம். ஆள் வந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி பண்ணி, வரைஞ்சு முடிச்சதும் எழும்பிப் போக ஒரு நிமிஷம். ஆக மணிக்குப் பத்துப் பேர். மூணு மணி நேரத்துக்கு முப்பது பேர். இதுதான் நெஜம். "மணிக்கு இருபது பேர் வரைவேன்"னு ஜம்பமா சொல்லிட்டு வராத. எழுநூறு இலை போடுற கல்யாணத்துல முப்பது பேருக்குத்தான் படம் கிடைக்கும்னு வீட்டுக்காரங்களுக்கு முன்கூட்டியே தெரியணும். கூடுதல் ஆளுக்கு வேணும்னா ரெண்டாவது ஆர்ட்டிஸ்டைக் கூட்டிட்டு வாறேன்னு சொல்லு. இல்லன்னா பக்கவாட்டு முகம் மட்டும், வண்ணம் கிடையாது, ரெண்டு நிமிஷம்னு ஒரு வகையைத் தனியா வச்சுக்கோ. பக்கவாட்டு முகத்துல நெத்தியில இருந்து தாடை வரைக்கும் ஒரே கோடு. அது சரியா விழுந்துட்டா ஆள் வந்துட்டார்னு அர்த்தம்.

2. தாளும் மையும்: நம்ம ஊரு ஈரத்தை மறக்காத

சென்னைக்காரங்க யூடியூபுல சொல்ற பட்டியலைப் பாத்து அப்படியே வாங்கிட்டு வராத. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில சாரல், ஐப்பசி கார்த்திகையில அடைமழை, மிச்ச நாள் கடல் காத்து. தாள் ஈரத்தைக் குடிச்சு ஓரம் வளையும். மை காய மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

- ஜெராக்ஸ் தாள் வேண்டாம். மார்க்கர் மை அடுத்த பக்கத்துக்கு ஊறும். 210 முதல் 250 ஜிஎஸ்எம் வரைக்கும் உள்ள வழவழப்பான ஐவரி அட்டையை ஏ4 அளவுல வெட்டி வாங்கிக்கோ. தடிமனா இருந்தா விருந்தாளி கையில கசங்காமலும் போகும்.
- அட்டையை பாலிதீன் கவருக்குள்ள கட்டி, புதுச் செருப்புப் பெட்டியில வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டைப் போட்டு வை. மண்டபத்துலயும் பத்துப் பத்தாதான் வெளிய எடுக்கணும்.
- ஆல்கஹால் கலர் மார்க்கர் வச்சிருக்கியா? அப்ப கோட்டை சாதா பெர்மனென்ட் மார்க்கர்ல போடாத. அதுவும் ஆல்கஹால் மைதான். மேல வண்ணம் பட்டதும் கரைஞ்சு கண்ணுக்குக் கீழே கறுப்பா வழியும். மணமகள் அழுத மாதிரி ஆயிரும். தண்ணி படாத பிக்மென்ட் மைப் பேனாவுல கோடு போடு. அந்தப் பேனா கைவசம் இல்லன்னா முதல்ல வண்ணத்தைப் பூசிட்டு அதுக்கு மேல கோடு.
- பென்சில்ல வரைஞ்சு, மை போட்டு, அழிச்சுன்னு மூணு வேலை பாக்காத. கண் ரெண்டு, மூக்கு நுனி, தாடை, இந்த நாலு இடத்துல லேசா புள்ளி வச்சா போதும். நேரா மை.
- கரிக்கோலும் சாக் பேஸ்டலும் வீட்டுலயே இருக்கட்டும். பட்டுச் சேலை உடுத்தி வந்த சித்தியோட மடியில அந்தப் பொடி கொட்டினா, நீ வாங்குற துட்டு சேலைக்குக் காணாது.
- ஒவ்வொரு பேனாவும் ரெண்டு. ஒண்ணு காயும், ஒண்ணைச் சின்னப் பிள்ளை தூக்கிட்டு ஓடும்.

டேப்லெட்ல வரைஞ்சு பிரிண்ட் போட்டுக் குடுக்கிறவங்களும் இருக்காங்க. கம்பெனி விழாவுக்கு அது கொள்ளாம், பெரிய திரையில எல்லாரும் பாக்கலாம். ஆனா மண்டபத்துல பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு முந்தின நாளே பாத்துக்கோ. அலங்காரக்காரனும் வீடியோக்காரனும் ஏற்கெனவே பிடிச்சு வச்சிருப்பான். கரண்டு போனாலும் கைவிடாதது தாளும் பேனாவும்தான். நான் அந்தக் கட்சி.

3. காத்து

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி ஏன் அத்தனை நட்டு வச்சிருக்காங்கன்னு தெரியும்லா? கணவாய் வழியா வார காத்து அப்படி. தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் திறந்த வெளியில பந்தல் போட்ட கல்யாணம்னா, கன்னியாகுமரி கடற்கரை ஓட்டல்ல மொட்டை மாடி ரிசப்ஷன்னா, அட்டைக்கு ஒரு கிளிப் போதாது. நாலு மூலைக்கும் நாலு. நிக்கிற ஈசல் ஸ்டாண்டு கொண்டு போகவே போகாத, பாய்மரம் ஆயிரும். மடியில வைக்கிற பலகைதான் சரி. முடிச்ச படத்தை உடனே பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டுக் குடு. ஈர மையில மணலும் பூ இதழும் ஒட்டினா அதைச் சுரண்டிகிட்டு உட்காரணும்.

4. எங்க உட்காரணும்

இதுல பாதிப் பேர் தப்புப் பண்றாங்க. வீட்டுக்காரங்க காட்டுற மூலையில போய் அப்படியே உட்கார்ந்துருவாங்க. உட்காராத. ஒரு சுத்துச் சுத்திப் பாரு.

செண்டை மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்துல வேண்டாம். பேர் என்னன்னு கேட்டாலே நாலு தடவை கத்தணும், தொண்டை போயிரும். பந்திக்குப் போற வழியிலயும் வேண்டாம். பந்தி கூப்பிட்டதும் ஒரு தள்ளு வரும் பாரு, ஸ்டூலோட உன்னையும் இலை முன்னாடி கொண்டு போய் உட்கார வச்சுரும். நம்ம ஊருல பருப்பும் பப்படமும் தொடங்கி பாயாசம் பழம் வரைக்கும் முடியாம எவரும் எழும்ப மாட்டாங்க. அந்த நேரம் வரிசை சுத்தமா காலியா இருக்கும். அப்பதான் நீயும் பேனாவைத் துடைச்சு, தண்ணி குடிச்சு, கையை உதறிக்கணும். பந்தி முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா வருவாங்க, அதுவும் கையில எண்ணெயோட. டிஷ்யூ பெட்டி உன் பக்கத்துல இருக்கட்டும். துடைச்சிட்டுத்தான் படத்தை வாங்கணும்னு கறாரா சொல்லு.

உன் முதுகுப் பக்கம் கொஞ்சம் திறந்திருக்கணும். பின்னாடி நிக்கிறவங்க நீ வரையுறதைப் பாத்துச் சிரிக்கிறதுதான் உனக்கு விளம்பரம். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும் தாள் தெரியக் கூடாது. பாதியில பாத்துட்டா முகம் மாறிரும். வலது முழங்கைக்குப் பின்னாடி ஒரு காலி நாற்காலியைப் போட்டு வை, சின்னப் பிள்ளைங்க வந்து இடிக்காம இருக்கும். பை ரெண்டு காலுக்கும் நடுவுல.

5. வெளிச்சம்

ரிசப்ஷன் மேடையில ஊதா, பச்சை, சிவப்புன்னு லைட்டைச் சுழல விடுவாங்க. அந்த வெளிச்சத்துல எது காவி, எது ரோஸ்னு தெரியாது. மார்க்கர் மூடியில பெரிய எழுத்துல நிறத்தோட பேரை எழுதி ஒட்டு, எப்பவும் ஒரே வரிசையில அடுக்கு. கிளிப் மாட்டுற சார்ஜ் லைட் ஒண்ணு பலகைக்கு, ஒண்ணு உட்கார்ற ஆளுக்கு. ஆளோட முகத்துக்கு ஒரு பக்கத்துல இருந்து வெளிச்சம் விழுந்தா மூக்கும் கன்னமும் தானா தெரியும். நேரா அடிச்சா முகம் தட்டையாயிரும்.

நியூயார்க்ல நாடகக்காரங்களை வரைஞ்சு பேர் வாங்கின அல் ஹிர்ஷ்ஃபெல்ட் இருட்டு அரங்குல உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள்ள கையை விட்டுப் பாக்காமலே குறிப்பு வரைஞ்சு பழகினவர். உனக்கு அவ்வளவு வேண்டாம். லைட்டுக்கு முழு சார்ஜ் போட்டுட்டு வந்தாப் போதும்.

6. வரிசையைக் கட்டத் தெரியணும்

- நம்பர் எழுதின டோக்கன் கொண்டு போ. டோக்கன் வாங்கினவங்க நின்னுகிட்டு இருக்க வேண்டாம், போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டும்.
- ஒவ்வொரு அஞ்சாவது டோக்கனையும் குடுக்காம உன் கையிலயே வச்சுக்கோ. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், ஃபாதர், கட்சிக்காரர்னு யாராவது வரிசையில நிக்காம வருவாங்க. அவங்களுக்கு அது. வரிசையில நிக்கிறவங்களும் முகம் சுளிக்க மாட்டாங்க.
- முடிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, கடைசியா நிக்கிறவர் கையில "கடைசி ஆள் நான்தான்"னு எழுதின அட்டையைக் குடுத்துரு. அதுக்குப் பிறகு வாரவங்களுக்கு அவரே பதில் சொல்லுவாரு. உனக்குப் பொல்லாப்பு இல்ல.
- முதல் ஆளா ஒரு சின்னப் பிள்ளையைப் பிடி. பிள்ளை படத்தைத் தூக்கிட்டு மண்டபம் முழுக்க ஓடும். அஞ்சு நிமிஷத்துல கூட்டம் வந்துரும்.

7. வரையுற ஒழுங்கு

இதுதான் முக்கியம், பைய வாசி.

பேர் என்னன்னு கேட்டு ஓரத்துல எழுது. எழுதுற மாதிரி பாவனை. அந்த இருபது செகண்டுல உன் கண்ணு முகத்துல இருக்கணும். நீளமா, அகலமா? கண் ரெண்டும் நெருங்கி இருக்கா, விலகி இருக்கா? மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல இடம் எவ்வளவு? இந்த மூணாவது கேள்வியை யாரும் கேட்கிறதே இல்ல. ஆனா பல முகத்துல ஜாடை ஒளிஞ்சிருக்கிறது அங்கதான்.

அதுல ஒரே ஒண்ணைத் தேர்ந்தெடு. அதை மட்டும் கூட்டு, மத்ததைக் குறை. எல்லாத்தையும் கூட்டினா பூதம் வரும், ஆள் வர மாட்டார்.

அமெரிக்காவுல டாம் ரிச்மண்ட்னு ஒருத்தர். பொழுதுபோக்குப் பூங்காவுல போறவார ஆளை வரைஞ்சு பழகி, பிறகு மேட் பத்திரிகைக்கு வரைஞ்சவர். 2011ல அவர் போட்ட புத்தகத்துல முகத்தை அஞ்சு வடிவமாப் பிரிக்கிறார்: கண் ரெண்டு, மூக்கு, வாய், தலை. இந்த அஞ்சுக்கும் நடுவுல உள்ள தூரமும் அளவும் சாய்வும் சரியா இருந்தா, மத்த விவரம் இல்லாமலே ஆளைத் தெரியும். லைவ் வேலைக்கு இதைவிட உபயோகமான பாடம் கிடையாது. நீயும் கண்ணுல தொடங்கு. பிறகு மூக்கு, வாய், அதுக்கப்புறம்தான் முக வளைவு. கடைசியில முடி, அதையும் மொத்தமா ஒரு பிண்டமாப் போடு. ஒவ்வொரு இழையா இழுத்துகிட்டு இருக்காத. முக வளைவை முதல்ல போட்டுட்டு உள்ள கண்ணையும் மூக்கையும் திணிக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடு.

உடம்புக்குக் குறுக்கு வழி சொல்றேன். வீட்டுலயே ஏழெட்டு உடம்பைப் பழகி வச்சுக்கோ: பைக்ல போறது, வள்ளத்துல போறது, இலை முன்னாடி உட்கார்ந்து சாப்பிடுறது, கிரிக்கெட் மட்டையோட நிக்கிறது, குடை பிடிக்கிறது. தலை பெருசு, உடம்பு சின்னது, நாப்பது செகண்டுல முடியணும். பின்னணிக்கு வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் பத்துக் கோட்டுல வர்ற மாதிரி பழகு. வெளியூர் விருந்தாளிக்கு அதுதான் வேணும். சிலை மொத்தம் 133 அடி. அதுல பீடம் மட்டும் 38, சிலை 95. பீடத்தைச் சின்னதாப் போட்டா ஷோகேஸ் பொம்மை ஆயிரும். இடுப்புல லேசா ஒரு வளைவு, வலது கையில மூணு விரல் நிமிர்ந்து நிக்கணும். இது ரெண்டும் இருந்தா மிச்சத்தை யாரும் கேட்க மாட்டாங்க.

அசையுற ஆளைக் கண்டு பயப்படாத. 1930கள்ல ஆனந்த விகடன்ல மாலின்னு ஒருத்தர் சென்னை சபாக்கள்ல உட்கார்ந்து சங்கீத வித்வான்களை வரைஞ்சாரு. பாடுற ஆள் உனக்காகச் சும்மா இருப்பாரா? வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். அந்தப் போக்கையே மாலி பிடிச்சாரு. வாசகர்கள் முகத்தைப் பாத்த மாதிரியே கையைப் பாத்தும் இன்னார்னு கண்டுபிடிச்சிருப்பாங்க. நாதஸ்வரக்காரரையோ செண்டைக்காரரையோ வரையச் சொன்னா நீயும் முதல்ல தோளையும் கையையும் பிடி.

8. எதைப் பெருசாக்கலாம், எதைத் தொடவே கூடாது

பெருசாக்கு: சிரிப்பு, புருவம், மீசை, கண்ணாடி, கொண்டை, ஜிமிக்கி, தலை நிறைய வச்ச பிச்சிப்பூ. இதெல்லாம் ஆள் தானா விரும்பி வச்சிருக்கிறது. கூட்டினா சந்தோஷப்படுவாங்க.

தொடாத: உடம்புப் பருமன், முன்பல், மாறுகண், முகப்பரு, தழும்பு, பெண்ணோட மூக்கு. வழுக்கையை அவரே முதல்ல சொல்லிச் சிரிச்சா மட்டும்.

நிறத்தைப் பத்தித் தனியா சொல்லணும். சொந்தக்காரங்க கூட்டத்துல "என்னை ஏன் கறுப்பா போட்ட, அவளை ஏன் வெளுப்பா போட்ட"ன்னு கேட்கத் தொடங்கினா உனக்குத் தப்ப வழி கிடையாது. கேட்காமலே வெளுப்பாக்கிக் குடுக்கிறதும் அந்த முகத்துக்குச் செய்யற அவமரியாதைதான். முகத்தைத் தாளோட வெள்ளையிலயே எல்லாருக்கும் ஒண்ணுபோல விடு. நிழலுக்கு ஒரே ஒரு சாம்பல் மார்க்கர். வண்ணமெல்லாம் சேலைக்கும் பூவுக்கும்.

பல்லை ஒவ்வொண்ணாக் கோடு போட்டுப் பிரிக்காத. இருபது வயசுப் பிள்ளைக்கு அறுபது வயசு வந்துரும். மேல் வரிசையை ஒரே வெள்ளைப் பட்டையா விடு.

- சின்னப் பிள்ளைங்க: கண்ணை முகத்தோட பாதிக்குக் கீழ இறக்கு, தாடை சின்னது, மூக்குக்கு ரெண்டு புள்ளி. கோடு எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. தூங்குற பிள்ளையை எழுப்பாத, தூங்குற மாதிரியே வரை.
- பாட்டா, ஆச்சி: சுருக்கம் எல்லாத்தையும் எண்ணாத. கண்ணோரத்துல ரெண்டு, வாயோரத்துல ரெண்டு. காதுல பாம்படம் இருந்தா அதை மட்டும் அழகா, பெருசா போடு.
- மாப்பிள்ளையும் பொண்ணும்: ரெண்டு தலையும் ஒரே அளவுல இருக்கணும். ஒருத்தர் பெருசானா அது மூணு தலைமுறைக்குப் பேச்சாயிரும். முதல்ல பொண்ணை வரை. பொண்ணு நல்லா வந்துட்டா மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் ஒத்துக்கிடுவாரு. ஹிர்ஷ்ஃபெல்ட் தன் மகள் நீனா பேரைத் தலைமுடியிலயும் துணி மடிப்புலயும் ஒளிச்சு வைப்பாரு. அந்த மாதிரி நீயும் மாப்பிள்ளை பேரோட முதல் எழுத்தைப் பூமாலைக்குள்ள ஒளிச்சு வை. பத்து செகண்டு வேலை. வீட்டுல உட்கார்ந்து தேடுவாங்க.

தங்களைப் படமா வரையுறதுல விருப்பம் இல்லாதவங்க எல்லா ஊருலயும் எல்லா வீட்டுலயும் இருக்காங்க. பக்கத்துல நிக்கிறவங்க இழுத்துக் கொண்டுவந்து உட்கார வச்சாலும், உட்கார்ந்தவங்களைப் பாத்து "வரையட்டுமா"ன்னு ஒரு வார்த்தை கேளு. தலையாட்டலன்னா விட்டுரு.

9. வாயும் வேலை செய்யணும்

கை ஓடும்போது வாயும் ஓடணும். "அசையாதீங்க"ன்னு மட்டும் சொல்லாத, பாஸ்போர்ட் போட்டோ முகம் வந்துரும். இன்னைக்கு எந்தக் கூட்டான் நல்லா இருந்துச்சுன்னு கேளு. சாப்பாட்டைப் பத்திப் பேசச்சொன்னா நம்ம ஊருல எல்லா முகமும் விரியும். விளவங்கோடு பக்கம் போனா "இவிடெ நோக்கணே"ன்னு ரெண்டு வார்த்தை மலையாளம் வச்சுக்கோ. கன்னியாகுமரி கடற்கரையில வரைஞ்சா, வடநாட்டு டூரிஸ்ட்டுக்கு நாலு வார்த்தை இந்தி. அவங்க பஸ்காரன் ஹாரன் அடிக்கிறதுக்குள்ள முடிக்கணும், அங்க பக்கவாட்டு முகம்தான் சரி.

"நான் இப்படியா இருக்கேன்?"னு ஒருத்தராவது கேட்பாங்க. வாதாடாத, மன்னிப்பும் கேட்காத. வரிசை நிக்கும்போது திருப்பி வரையவும் செய்யாத. "கடைசியில வாங்க, இன்னொண்ணு போட்டுத் தாறேன்"னு சிரிச்சுகிட்டே சொல்லு. பத்துக்கு ஒருத்தர் வந்தா அதிகம். அதுக்குள்ள கூட வந்த கூட்டாளிங்க படத்தைப் பாத்து உருண்டு சிரிச்சு அவங்க மனசை மாத்தியிருப்பாங்க.

10. திருவிழாக் கூட்டம் வேற

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3ல முடியும். பிறகு சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், நாகராஜா கோயில் தைத் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை. இதுக்கெல்லாம் போய் வரையணும்னு ஆசை இருந்தா, முதல்ல கோயில் அலுவலகத்துலயோ உள்ளாட்சியிலயோ கேட்டுட்டுப் போ. திருவிழாக் கடைக்கு இடம் ஏலம் போயிருக்கும். துட்டு கட்டினவன் கடை முன்னாடி நீ ஸ்டூல் போட்டா சண்டைதான் வரும். பழகின கடைக்காரர் யாராவது இருந்தா அவர்கிட்ட ஒரு மூலையை வாடகைக்குக் கேளு, அதுதான் சுலபம்.

இங்க ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு ரேட். தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி பெருசா எழுதி வை, கியூஆர் கோடும் பக்கத்துலயே இருக்கட்டும். குடும்பமா வந்து அஞ்சு தலையை ஒரு தாள்ல போடச் சொல்லி ஒரு தலைக்குக் காசு நீட்டுவாங்க. தலைக்கு இவ்வளவுன்னு அட்டையிலயே இருந்தா பேச்சு வளராது.

மாதிரிப் படம் மாட்டும்போது சினிமா ஹீரோவை மட்டும் மாட்டாத. ஒழுகினசேரியில பொறந்த கலைவாணர் என்.எஸ்.கே. முகத்தை ஒண்ணு வரைஞ்சு மாட்டு. தலைவர்கள்ல மீசை வச்ச ஜீவா, நேசமணி, 1969லயும் 1971லயும் நாகர்கோவில்ல நின்னு எம்.பி. ஆன காமராசர், இவங்களையும் போடு. பாட்டாமார் நின்னு பாப்பாங்க. "என்.எஸ்.கே. சிரிப்பு வந்துட்டே"ன்னு ஒரு பாட்டா சொல்லிட்டா, பேரப் பிள்ளைங்க நாலு பேரையும் அவரே உட்கார வச்சுருவாரு.

11. துட்டு

கல்யாணத்துக்கு மணிக்கணக்குல பேசு. ஆள் கணக்குல பேசினா, சாப்பாடு இழுத்து உன் வருமானம் போகும். பாதி அட்வான்ஸ். மீதி, பையைக் கட்டுறதுக்கு முன்னாடி. கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, போக்குவரத்து யாரு, சாப்பாடு உண்டா, எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி, "சரி"ன்னு பதில் வாங்கிக்கோ. வாய்ப்பேச்சு பாயாசத்தோட கரைஞ்சு போயிரும்.

மார்த்தாண்டம் வேலைன்னா நாகர்கோவில்ல இருந்து கிளம்புற நேரத்தையும் சேத்துக் கணக்குப் பண்ணு. முகூர்த்த நாள்ல தக்கலை ரோட்டுல நீ நினைச்ச நேரத்துக்குப் போய்ச் சேர மாட்ட.

"ஒண்ணு சும்மா வரைஞ்சு தா மக்ளே, நம்ம பிள்ளைதானே"ன்னு கேட்கிற மாமாவுக்கு என்ன பதில்? "கண்டிப்பா மாமா, வீட்டுக்கு வாறேன், ஆற அமர வரைஞ்சு தாறேன்." மண்டபத்துல வச்சு மட்டும் சும்மா வரையாத. ஒண்ணு வரைஞ்சா ஒன்பது வரும்.

12. பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனியா

வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கமா இடம் கேளு. ராத்திரி எப்படித் திரும்புறதுன்னு அட்வான்ஸ் வாங்கும்போதே முடிவு பண்ணு, மண்டபத்துல போய் பஸ் தேடாத. கையைப் பிடிச்சு செல்ஃபி எடுக்கணும், நம்பர் தா, தனியா ஒரு படம் வரையணும்னு எவனாவது வந்தா, சிரிக்க வேண்டிய அவசியம் கிடையாது. பொண்ணோட அம்மாவையோ அத்தையையோ பேர் சொல்லிச் சத்தமாக் கூப்பிடு. அதுக்காகத்தான் போனதும் முதல் வேலையா அவங்க பேரைக் கேட்டு வச்சுக்கணும்னு சொல்றது. பிள்ளைங்க முகத்தை இன்ஸ்டாகிராம்ல போடணும்னா பெத்தவங்ககிட்ட கேட்டுட்டுப் போடு.

இருண்ட நிறத்துல உடுப்பு, மேல ஏப்ரன். போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுப் போ. மண்டபத்துச் சாப்பாட்டை நம்பி வயித்தைக் காலியா வச்சா கை நடுங்கும்.

13. பழகுற இடம்

போட்டோவைப் பாத்து வரைஞ்சு பழகினவங்க மண்டபத்துல திணறுவாங்க. போட்டோ அசையாது, பேசாது, பெரிய குடும்பத்தைக் கூட்டிட்டு வராது. வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உட்காரு. பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் எப்பப் போவார்னு உனக்கும் தெரியாது, அதனால கை தானா வேகம் பிடிக்கும். கண்ணும் மூக்கும் மட்டும், ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஆள். யாராவது கவனிச்சுட்டா நோட்டைக் காட்டிரு, ஒளிக்காத. விடியக்காலத்துல தோவாளை பூச்சந்தை, சுசீந்திரம் பிரகாரத்துல விளக்கேந்தி நிக்கிற கல்பாவைங்க, இதுவும் நல்ல பாடம். அந்தப் பாவைங்க அசையாது, ஆனா முகத்துக்கு முகம் எங்க வித்தியாசப்படுதுன்னு கண்ணு தேடிப் பழகும்.

கல்யாணம் நடக்காத ஆடி மாசத்தைத் தூங்கிக் கழிக்காத. பேனா வாங்குறது, உடம்பு பழகுறது, மாதிரிப் படம் வரையுறது எல்லாம் அந்த மாசத்துல வச்சுக்கோ. இதுல எதாவது புரியலன்னா அப்பவே வந்து கேளு. ஆவணி பொறந்துட்டா எனக்கு நிக்க நேரம் இருக்காது பாத்துக்கோ.